உங்கள் அம்மா அன்று அழவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி ஓசூரிலிருந்து போன் செய்தான். கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் எரிகிறது, சாயங்காலமானால் தண்ணீராக ஊற்றுகிறது என்றான்.

"மெடிக்கல்ல கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி உட்டேனுங்கப்பா. பத்து நிமிசத்துல கண்ணு பளிச்சுன்னு வெளுத்துப் போச்சு."

சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"அந்தப் பாட்டலக் குப்பையில போடு சாமி" என்றேன்.

"ஏனுங்கப்பா, நல்லாத்தான கேக்குது?"

ஏன் என்று எனக்குப் போனில் சொல்ல வரவில்லை. உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாளைக்கே ஒரு கண் டாக்டரைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வராததை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பண்ணையில் எந்தக் கொட்டகைக்கு என்றைக்கு என்ன மருந்து போட்டோம் என்று எழுதியதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. இதில் தம்பி என்றால் மகன், அம்மணி என்றால் மகள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுதினால்தான் எனக்கு எழுத வரும். அம்மணிக்கு இதில் பெரும்பாலும் தெரியும். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் படிக்க வேண்டும்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் நமக்கு இருந்தது இரண்டு ஏக்கர் சுக்கான் காடு, சுண்ணாம்புக்கல் கலந்த வறண்ட மண். மழை பெய்தால் சோளம், கடலை. அது போதாமல் நானும் அம்மாவும் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போனோம். அம்மா கூண்டுகளிலிருந்து முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். என் வேலை குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது. வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் குஞ்சாக இருக்கும்போதே அந்த மருந்தை விட வேண்டும். ஒரு கையில் குஞ்சைப் பிடித்து, தலையை லேசாகச் சாய்த்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு. விட்டதும் கையைத் தளர்த்தக் கூடாது. குஞ்சு கண்ணைச் சிமிட்டி, சொட்டு உள்ளே போய் மறையும் வரை பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். புதிதாக வருகிற ஆட்களை, சிமிட்டுவதற்கு முன்னால் கையை விட்டார்கள் என்றால், நான் சத்தம் போடுவேன். கோழிக்குஞ்சின் கண்ணை அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் நான்.

அம்மாவுக்கு முதலில் வந்தது எரிச்சல். மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்பாள். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். கூண்டுகளுக்கு அடியில் எரு குவிந்து கிடக்கும். வெயில் காலத்தில் அதிலிருந்து கிளம்பும் அமோனியா வாடை கண்ணைப் பிடுங்கும். தீவனத்தூசி வேறு. எல்லாருக்கும் எரிகிறது, இவளுக்கும் எரிகிறது என்று இருந்துவிட்டேன். பிறகு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது. காற்றடித்தால் ஊற்றும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊற்றும். டிவியில் சிரிப்பு நாடகம் ஓடும்போது அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பண்ணையில் கூட வேலை செய்தவர் ஒருவர் ஆட்களுக்கு முன்னால் கேட்டார்.

"ஏனப்பா, ஊட்ல பூசை பலமோ? ஊட்டுக்காரி வெடியக்காலத்துலயே அழுதுக்கிட்டு வருது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"நாலு பேருக்கு முன்னால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வந்தா என்ன?"

"தொடைக்கத் தொடைக்க வருது. நா என்ன பண்றது?"

"மனசுல என்னத்த வெச்சுக்கிட்டு அழுவற? சொல்லு."

"மனசுல ஒண்ணும் இல்லீங்க. கண்ணுலதான் என்னமோ இருக்குது."

நந்தியாவட்டைப் பூ வைத்துப் பார்த்தாள். விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது நாமக்கல் விடுதிப் பள்ளியில் இருந்தீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவோம். பள்ளிக்கூட வாசலில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பாள். "அழுவாதம்மா, அடுத்த மாசம் வந்துருவீங்கல்ல" என்று அம்மணி சமாதானம் சொல்வாள். பிள்ளையைப் பிரிந்த தாய் அழுகிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் எருமப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். இதை அம்மணியிடம்கூட நான் இதுவரை சொன்னதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டர். இமையைப் புரட்டிப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் கண்ணு காஞ்சு போயிருக்குங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டருங்க, நல்லாப் பாருங்க. தாவாக்கட்டை வரைக்கும் ஒழுகிக்கிட்டுக் கெடக்குது."

"அதனாலதாங்க சொல்றேன்" என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றது, யாரோ தள்ளினார்கள். ஒரு சீட்டில் மருந்து எழுதிக் கொடுத்து, நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருமுறை முழுசாகக் காட்டிவிடுங்கள் என்றார்.

வெளியே டீக்கடையில் பண்ணை ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் இதை ஒரு கதையாகச் சொன்னேன். "கெணறு நெறஞ்சு வழியுது, டாக்டரு கெணத்துல தண்ணி இல்லீங்கறாரு" என்றேன். கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்று முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள்.

"அந்தச் சீட்டு எங்கீங்க?"

"டீ டம்ளருக்கு அடியில வெச்சேன். அங்கயே கெடக்கும்."

"ஒருக்கா உட்டுப் பாத்திருக்கலாம்" என்றாள். நான் திரும்பிப் போய் அந்தச் சீட்டைத் தேடவில்லை.

மூன்று வருடம் கழித்து அம்மணிக்கு மல்லசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அவள் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்தாள். பேச்சு வந்த அன்றைக்கே அம்மா, "ஒரு வருசம் போகட்டுங்க, படிப்பு முடியட்டும்" என்று சொன்னதை அம்மணி உள்ளே இருந்து கேட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் படிப்பை முடிக்க வைப்பதாகச் சொன்னார்கள். பையன் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அம்மா என்னிடம் வந்து, "பையன் நேராப் பாத்துப் பேசறானுங்க. கபடு இல்லாத கண்ணு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு" என்றாள். இதை நான் மட்டும்தான் கேட்டேன். அம்மணியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மண்டபம், சமையல்காரர், பந்தல் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தை உப்புச் சர்க்கரை என்போம். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. பெண் பக்கத்தில் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் தாய். அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் மெடிக்கலுக்குப் போய், கண் சிவப்புக்கு ஒரு மருந்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். ஒரு சொட்டுதான். பத்து நிமிடத்தில் அம்மாவின் கண் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா. முகாமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா உடு."

மூன்றாம் நாள் அந்த வெளுப்பு ஒரு மணி நேரம்தான் நின்றது. அது போனதும் முன்னைவிடச் சிவந்தது. "அப்ப ரெண்டு சொட்டாச் சேத்தி உடு" என்றேன். அவளும் விட்டாள். உப்புச் சர்க்கரை அன்று காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருந்தது. துடைத்த கையை எடுப்பதற்குள் தண்ணீர் கன்னத்துக்கு வந்தது.

என் அக்கா, உங்கள் அத்தை, என்னைப் பந்தல்காலுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"ஏண்டா, இந்தக் கண்ணோடயா இவ தட்டு மாத்தப் போறா? சம்பந்தகாரங்க என்ன நெனைப்பாங்க? பொண்ணக் குடுக்கத் தாய்க்கு இஷ்டமில்லையாட்டத் தெரியுதுன்னு நெனைக்க மாட்டாங்களா? நல்ல நேரத்துல முன்னால வந்து நின்னு தண்ணி உட்டா அந்தப் புள்ளைக்குத்தான் ஆகாது."

அத்தையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவள் சொன்னாள். செய்தவன் நான்.

அம்மா அரக்கு நிறப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சித்த பின்னாலயே இரு புள்ள. தட்ட அக்கா மாத்திக்குவா."

"நா வேண்டாங்களா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? கண்ணு இப்படி இருக்கறப்ப முன்னால வந்தா தப்பாத் தெரியும். பொண்ணுக்காவத்தான் சொல்றேன்."

அவள் தட்டைப் பார்த்தாள். சர்க்கரைக் கிண்ணம் சாய்ந்திருந்தது; அதை நேராக வைத்தாள். "செரிங்க" என்று சொல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல்காரர்கள் விறகடுப்பு மூட்டியிருந்த பின்பக்கத்துக்குப் போனாள். ஏற்கெனவே எரிகிற கண்ணைக் கொண்டுபோய் விறகுப் புகையில் நிறுத்தினேன்.

சம்பந்தியம்மா வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"பொண்ணோட அம்மா எங்கீங்க, காணமே?"

"தலைவலிங்க. சித்த படுத்திருக்கறா."

அத்தை தட்டை எடுத்துக் கொடுத்தாள். தட்டு கை மாறும் நேரத்தில் அம்மணி தலையைத் திருப்பி வீட்டின் பின்வாசலைப் பார்த்தாள். அம்மா அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை வாயில். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மணி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேரையும் நான் பார்த்தேன். பெண் வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனேன். தம்பி அப்போது இலை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

கல்யாணத்தன்று தாய் அழுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அன்றைக்கு அம்மா முன்னால் நின்றாள். அம்மணி மட்டும் அந்தத் தண்ணீரையும் பழையதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தது.

புகுந்த வீட்டுக்குப் போனதும் அம்மணி எனக்குத்தான் போன் செய்வாள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்பாள் அம்மா. இரண்டாம் வருடம் மூன்று மாதக் கரு தங்காமல் கலைந்துவிட்டது. அதை எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான், அதுவும் மாப்பிள்ளை மூலமாகச் சொன்னாள். கேள்விப்பட்டதும் நான் மட்டும் பஸ் ஏறி மல்லசமுத்திரம் போனேன். அம்மாவுக்கு அன்று காய்ச்சல். அம்மணி காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மாகிட்ட அப்பவே சொல்லியிருந்தா வந்து கூட இருந்திருப்பாளே சாமி."

"அம்மாவுக்குத்தான் மொதல்ல இருந்தே இந்த எடம் புடிக்கலீங்களேப்பா. உப்புச் சர்க்கரை அன்னைக்குத் தட்டு மாத்தக்கூட முன்னால வரல. பின்னால நின்னு அழுதுச்சு, நா பாத்தேன். இதையும் போயிச் சொன்னா, நா அப்பவே வேண்டாம்னேன் பாத்தியான்னு நெனைக்கும். எதுக்குங்கப்பா அது?"

அந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு வரி வேண்டியிருந்தது. அம்மா அழவில்லை, நான்தான் வர வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். அதைச் சொன்னால், தன்னைப் பெற்ற தாயை அடுப்படியில் நிறுத்தி வைத்தவன், சம்பந்தியம்மாவிடம் பொய் சொன்னவன் என்று மகள் என்னைப் பார்ப்பாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு காபியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா போர்வைக்குள் இருந்து கேட்டாள்.

"என்ன சொன்னா?"

"நல்லாருக்கறா. ஒண்ணும் சொல்லல."

உப்புச் சர்க்கரை அன்று செய்தது அவசரத்தில் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அதற்குப் பிறகு அம்மணிக்கு நல்லபடியாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்கு வரவில்லை; அங்கேயே ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல்லிவிட்டாள். குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் காலையில் அம்மா வலது கண்ணைத் திறக்க முடியாமல் பண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது என்றாள். அன்றைக்குத்தான் நாமக்கல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர். அம்மாவின் கீழ் இமையில் ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் சொருகி, எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். பிறகு கண்ணில் மஞ்சள் மருந்து தொட்டு, நீல விளக்கில் பார்த்தார்.

"ஒருக்காச் சிமிட்டுங்கம்மா. இனி சிமிட்டாமத் தெறந்தே வெச்சிருங்க." மெதுவாக எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. போச்சு."

"என்னங்க போச்சு?" என்றேன் நான்.

"கண்ணு மேல நிக்கற ஈரம் உடைஞ்சு போச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரமாச்சும் நிக்கோணும். ரொம்பக் காஞ்சிருக்குது."

முகாமில் கேட்டதையே மறுபடி கேட்டேன். ஆனால் சிரித்துக் கேட்கவில்லை. "தண்ணி ஊத்துதுங்களே டாக்டர்?"

அவர் கோபப்படவில்லை. "கண்ணீருன்னா வெறும் தண்ணி இல்லீங்க. அடியில பசை மாதிரி ஒண்ணு, நடுவுல தண்ணி, மேல எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய் சுரக்கற துளைக எல்லாம் இமை ஓரத்துல இருக்குது. அம்மாவுக்கு அது அடைச்சுப் போச்சு. மேல மூட எண்ணெய் இல்லாததால தண்ணி உடனே காஞ்சுருது. காஞ்சா எரியுது. எரிஞ்சதும் ஒடம்பு பதறிப் போயி ஒரேயடியாத் தண்ணியத் தொறந்து உடுது. அந்தத் தண்ணி கண்ணுல நிக்காது. கன்னத்துக்கு ஓடிரும்."

எனக்கு நம் சுக்கான் காடு ஞாபகம் வந்தது. ஒரே மூச்சாக மழை கொட்டினால் ஓடை நிறைந்து போகும். மழை விட்டதும் மண்வெட்டி போட்டால் ஒரு சாணுக்குக் கீழே புழுதி பறக்கும். அதை இருபது வருடமாகப் பார்த்தவன், கண்ணில் அப்படி நடக்கும் என்று ஒருவர் சொன்னபோது டீக்கடையில் சிரித்தேன்.

வாய் காய்கிறதா, கைகால் மூட்டு வலிக்கிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டார். சில வியாதிகளில் கண்ணும் சேர்ந்து காயுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிறகு, இதுவரை என்ன மருந்து விட்டீர்கள் என்று கேட்டார். அம்மா பைக்குள் கை விட்டு அந்த மெடிக்கல் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். தீரத் தீர அவள் அதை வாங்கி வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

"எப்பவும் உடறதில்லீங்க" என்றாள். "ஊட்டுக்கு யாராச்சும் வாராங்கன்னா மட்டும் உட்டுக்குவேன். அவருக்கு மரியாதைக் கொறைச்சலா இருக்குமில்லீங்களா."

"இது ரத்தக் குழாயச் சுருக்கி வெளுப்பாக் காட்டும், அவ்வளவுதான். அதோட வேகம் போனா முன்னவிடச் செவக்கும். அடிக்கடி உட்டா இன்னும் கெடுதல். யாரு வாங்கிக் குடுத்தது?"

"கடையில குடுத்தாங்க" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

வலது கருவிழியில் காய்ந்து காய்ந்து கீறல் விழுந்து ஒரு தழும்பு ஆகியிருந்தது. பார்வை போகாது, ஆனால் முழுசாகத் தெளியாது என்றார். முதலில் எரிந்தபோதே வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

தம்பி, உனக்காக இதையும் எழுதுகிறேன். இது ஒருநாளில் தீருகிற வியாதி இல்லை. பல் விளக்குவதைப் போல தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியது. காலையும் சாயங்காலமும் சுத்தமான துணியைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருக்கும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் வைக்கிறோம். ஆறினால் மறுபடி நனைக்கிறோம். ஐந்து, பத்து நிமிடம். அடைத்த எண்ணெய் இளகும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவி, ஓரத்தைத் துடைக்கிறோம். டாக்டர் எழுதிய சொட்டு, கண்ணீருக்குப் பதிலாக நிற்கிற சொட்டு, நாளுக்கு நான்கு முறை. டேபிள் பேன் காற்றை முகத்துக்கு நேராக வைப்பதில்லை. அம்மா கொட்டகை வேலையை விட்டுவிட்டாள். வெளியே போனால் கண்ணாடி போடுகிறாள். உன் மாதிரி திரையைப் பார்க்கிறவர்கள் சிமிட்டவே மறந்துவிடுகிறார்களாம். நடுநடுவில் தூரத்தில் பார்க்கவும், இமை இரண்டும் முட்டும்படி முழுசாகச் சிமிட்டவும் டாக்டர் சொன்னார். உன் கண்ணுக்கு இதேதானா என்று எனக்குத் தெரியாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் டாக்டர் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று.

முதல் நாள் சொட்டு விடும்போது, பழக்கத்தில் அம்மாவின் தலையைச் சாய்த்து, தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க. நா என்ன கோழிக்குஞ்சா?"

"சிமிட்டு. அப்பத்தான் உடுவேன்."

"அடுத்தாப்புல கூண்டுல தூக்கிப் போட்டுருவீங்களாட்டத் தெரியுது."

அவள் சிரித்தாள். இத்தனை நடந்தும் என்னோடு சிரித்தாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனதை அம்மணியிடம், வயதானால் வருகிறதுதான் என்று சொல்லி முடித்துவிட்டேன். அவள் கண்புரை என்று நினைத்துக்கொண்டாள். இந்தப் பொங்கலுக்குப் பேத்தியோடு வந்து தங்கினாள். மறுநாள் காலை அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நான் துணியை எடுத்தேன். இளகின கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. அம்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எதுக்கும்மா அழுவற? நாந்தான் நல்லாருக்கறனே."

"நா எங்க அழுவறேன்?" என்றாள் அம்மா. "இது வியாதி அம்மணி. பத்து வருசமா இப்படித்தான் ஊத்துது. கண்ணு காஞ்சு போச்சுங்கறாங்க."

அம்மணி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பத்து வருசமாவா? அப்ப என்ற உப்புச் சர்க்கரைக்கு?"

துணியைக் கிண்ணத்தில் போட்டேன். உப்புச் சர்க்கரை சமயத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். மெடிக்கல் பாட்டிலைச் சொன்னேன், பந்தல்காலுக்குப் பின்னால் பேசியதைச் சொன்னேன், தலைவலி என்ற பொய்யைச் சொன்னேன். "அம்மா வரமாட்டேன்னு சொல்லல சாமி. தட்ட அடுக்கி வெச்சுக்கிட்டு நின்னா. நாந்தான் வேண்டாம்னேன்" என்றேன். மல்லசமுத்திரத்தில் காபி குடித்தபோதும் இது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"என்ன நெனச்சுக்கிட்டு இருந்தா இவ?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "பையன எனக்கு அவ்வளவு புடிச்சுதுன்னு உங்ககிட்டச் சொன்னனே. இவகிட்டச் சொல்லலீங்களா?"

"சொல்லல."

அம்மா அம்மணியின் பக்கம் திரும்பினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அதனாலதான் கரு கலைஞ்சப்ப என்னயக் கூப்படலையா சாமி?"

அம்மணி வாசலை விட்டு உள்ளே வந்தாள்.

"அன்னைக்கு யாரு உனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தா?"

"நானேதாம்மா வெச்சுக்கிட்டேன்."

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் அங்கே இருப்பது நினைவில் இல்லை. அம்மணி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அம்மா அவள் தலையில் கை வைத்து, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் படுத்திருந்தாய், இடுப்பு வலி நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். தண்ணீர் ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

இன்னும் மூன்று நாள் இருந்துவிட்டு அம்மணி ஊருக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஏறும்போது, "சொட்டு மருந்த மறந்துறாதீங்கப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். போன் என் கையில்தான் இருக்கும். "நல்லாருக்கீங்களாப்பா? அம்மாகிட்டக் குடுங்க" என்பாள். கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். உள்ளே இருவரும் வெகுநேரம் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை. வீடியோவில் பேத்தி வந்து நின்றால், அம்மா போனை இடது பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொள்கிறாள். வலது கண்ணில் குழந்தையின் முகம் புகையாகத்தான் தெரிகிறதாம்.